பக்கத்து மேசையில் திருத்திய கோப்பு என் திரையில் ஏன் பழையது?

திருகோணமலை நகருக்குள் மூன்று, நான்கு கணினி வைத்து நடத்தும் இடங்களில் ஒரு ‘ஷெயார் போல்டர்’ இல்லாமல் இராது. அச்சகம், கணக்காளர் அலுவலகம், போட்டோகொப்பியும் டைப்பிங்கும் செய்யும் கொமினிகேஷன் என்று இடம் எதுவானாலும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். மூலையில் ஒரு பழைய கணினி அல்லது ஒரு சேமிப்புப் பெட்டி. அதுதான் சேர்வர். எல்லோருடைய கோப்புகளும் அதற்குள். மற்றக் கணினிகளில் அது இசட் டிரைவாகத் தெரியும். அங்கிருந்து அடிக்கடி வரும் முறைப்பாடும் ஒரே மாதிரியானது: “நான் மாத்தி சேவ் பண்ணிட்டன், அண்ணாட கம்பியூட்டர்ல இன்னும் பழசுதான் காட்டுது.” பழி உடனே வயருக்கும் ஸ்விட்சுக்கும் போகும். வயருக்கு இதில் பெரும்பாலும் பங்கில்லை. கோப்பு எப்போது திறக்கப்பட்டது என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

வலையமைப்பு வழியே வரும் கோப்பை இயங்குதளம் ஒவ்வொரு முறையும் சேர்வரிடமிருந்து வாசிப்பதில்லை. ஒருமுறை வாசித்த பகுதியைத் தன் நினைவகத்தில் பிரதியாக வைத்துக்கொள்ளும். அதுதான் கேஷ். நினைவகத்திலிருந்து ஒரு துண்டை எடுக்க ஏறத்தாழ 100 நனோவிநாடி போதும். ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் சேர்வரிடம் ஒரு கேள்வி போய்ப் பதில் வரவே சில நூறு மைக்ரோவிநாடி ஆகும். ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். அதனால் பிரதி வைப்பதா வேண்டாமா என்று யாரும் யோசிப்பதில்லை. வைத்த பிரதி இன்னும் செல்லுமா என்று எப்போது விசாரிப்பது என்பதில்தான் நாற்பது வருடமாக மூளையைக் கசக்குகிறார்கள். ஒவ்வொரு வாசிப்புக்கும் விசாரித்தால் கேஷால் பயனில்லை. விசாரிக்காமலே விட்டால் நேற்றைய கணக்கைப் பார்த்து இன்றைய காசோலையை எழுத வேண்டி வரும்.

வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும் என்.எப்.எஸ். முறையை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984 இல் கொண்டுவந்தபோது, சேர்வர் எதையும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை என்று வடிவமைத்தார்கள். யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார், யாரிடம் பிரதி கிடக்கிறது என்ற பதிவே அதனிடம் இல்லை. சேர்வர் விழுந்து எழும்பினாலும் மீட்டெடுக்க எதுவும் இராது என்பது பெரிய வசதி. ஆனால் பதிவு வைத்திராத சேர்வரால், “உன்னிடம் உள்ளது பழசு” என்று யாருக்கும் சொல்லியனுப்பவும் முடியாது. விசாரிக்கும் பொறுப்பு முழுவதும் கிளையன்ட், அதாவது கோப்பைக் கேட்கும் கணினியின் தலையில் விழுந்தது.

லினக்ஸ் கிளையன்ட் அந்தப் பொறுப்பை இரண்டு விதமாக நிறைவேற்றுகிறது. ஒன்று, கடிகாரத்தைப் பார்த்து. கோப்பின் அளவு, கடைசியாக மாறிய நேரம் போன்ற விவரங்களைக் குறைந்தது 3 விநாடி, கூடினால் 60 விநாடி வரை நம்பும். போல்டர் என்றால் 30 முதல் 60 விநாடி. அண்மையில் மாறிய கோப்புக்குத் தவணை குறுகும், நெடுநேரம் அசையாமல் கிடப்பதற்கு நீளும். மற்றது, திறக்கும்போது. கடிகாரம் என்ன சொன்னாலும், ஒரு மென்பொருள் கோப்பைத் திறக்கும் கணத்தில் கிளையன்ட் சேர்வரிடம் போய் விவரம் கேட்டே தீரும். இதற்குச் சோடியாக மூடும் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு: எழுதியவர் கோப்பை மூடும்போது, நினைவகத்தில் தேங்கி நிற்கும் மாற்றங்கள் எல்லாம் சேர்வருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மூடல் முடியும்.

இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது ஒரேயொரு உறுதிமொழி. நான் மூடிய பிறகு நீ திறந்தால், நான் எழுதியது உன் கண்ணில் படும். அவ்வளவுதான். நான் மூடுவதற்கு முன் உனக்கு என்ன தெரியும், முன்பே திறந்து வைத்திருக்கும் மூன்றாவது ஆளுக்கு என்ன தெரியும் என்பதற்கெல்லாம் எவரும் கையெழுத்துப் போடவில்லை.

திறக்கும் அந்தக் கணத்தைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். காலையில் வாசித்த 300 மெகாபைட் படக்கோப்பு ஒன்று கேஷில் கிடக்கிறது. மாலையில் அதையே மறுபடி திறக்கிறீர்கள். ஒரு சிறிய பொதி சேர்வருக்குப் போகிறது. கோப்பின் அளவும் மாறிய நேரமும் பதிலில் வருகின்றன, என்.எப்.எஸ். நான்காம் பதிப்பென்றால் மாற்றத்தைக் குறிக்கும் ஓர் எண்ணும் வருகிறது. கிளையன்ட் தான் முன்பு குறித்து வைத்ததோடு அவற்றை ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் 300 மெகாபைட்டும் நினைவகத்திலிருந்தே கிடைக்கும், வயரில் ஒன்றும் ஓடாது. ஒத்துப்போகாவிட்டால், இதே கணினியில் எழுதி இன்னும் அனுப்பாமல் இருக்கும் பகுதிகள் முதலில் சேர்வருக்குத் தள்ளப்படும். பிறகு அந்தக் கோப்புக்குரிய பிரதி முழுவதும் செல்லாது என்று தூக்கி வீசப்படும்.

முழுவதும் என்பதைக் கவனிக்க வேண்டும். மாறியிருக்கிறது என்று மட்டும்தான் சேர்வர் சொல்லும். எங்கே மாறியது என்று சொல்லாது. யாரோ ஒரு மூலையில் ஒரு புள்ளியைத் திருத்தியிருந்தாலும் 300 மெகாபைட்டும் திரும்ப வரவேண்டும். கிகாபிட் வயரில் அதற்கு 2.4 விநாடியாவது பிடிக்கும். பழைய வைபையில் என்றால் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வரலாம்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. நான் எழுதினாலும் கோப்பின் நேரம் மாறும், அடுத்தவர் எழுதினாலும் மாறும். என் எழுத்தால் வந்த மாற்றத்தைக் கண்டு நானே மிரண்டு என் கேஷை வீசினால் அது வீண்வேலை. 1995 இல் வெளியான மூன்றாம் பதிப்பு இதற்கு ஒரு தந்திரம் செய்தது: எழுத்துக் கோரிக்கைக்கான பதிலில், எழுதுவதற்கு முன் இருந்த அளவையும் நேரத்தையும், எழுதிய பின் உள்ளதையும் சேர்வர் சேர்த்தே அனுப்பலாம். முன் இருந்தது என் குறிப்போடு ஒத்துப்போனால் இடையில் வேறு கை படவில்லை என்று அர்த்தம்.

இந்த ஒப்பீடு கடிகாரத்தை நம்பியிருக்கும்வரை ஓட்டை ஓட்டைதான். எக்ஸ்ட்3 என்ற பழைய லினக்ஸ் கோப்பு முறைமை நேரத்தை முழு விநாடிகளில்தான் குறித்தது. ஒரே விநாடிக்குள் இரண்டு முறை சேமித்தால், அளவும் மாறாவிட்டால், இரண்டாவது மாற்றம் நடந்ததே வெளியில் தெரியாது. பின்வந்த எக்ஸ்ட்4 நனோவிநாடி வரை எழுத இடம் வைத்தது. ஆனால் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் தன் உள்கடிகாரத்தின் துடிப்புக்கொருதரம்தான் நேரத்தைப் புதுப்பித்தது. அது சில மில்லிவிநாடிக்கு ஒருமுறை. கைவேலைக்கு அது போதும். சேர்வரில் ஓடும் மென்பொருளுக்குப் போதாது. நான்காம் பதிப்பு மாற்ற எண் என்ற ஒன்றைக் கட்டாயமாக்கியதற்குக் காரணம் இதுவே. நேரம் எதுவானாலும், கோப்பு மாறினால் அந்த எண் மாறியாக வேண்டும். லினக்ஸ் பக்கத்திலும் 6.13 ஆம் கர்னலில் ஒரு திருத்தம் வந்தது: ஒரு கோப்பின் நேரத்தை யாராவது விசாரித்துவிட்டுப் போயிருந்தால், அடுத்த மாற்றத்துக்கு நுண்ணிய நேரம் குறிக்கப்படும். யாரும் கேட்காத கோப்புக்கு அந்தச் செலவு இல்லை. எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது.

இனி உறுதிமொழிக்கு வெளியே நிற்பவர்களைப் பார்ப்போம். ஒரு கணினி ஆய்வுகூடத்தில் எல்லா இயந்திரங்களுக்கும் வீட்டுப் போல்டர் ஒரே என்.எப்.எஸ். சேர்வரில் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு மாணவி முதலாவது இயந்திரத்தில் நீண்ட கணிப்பு ஒன்றை ஓடவிட்டு, அது தன் முன்னேற்றத்தை வரி வரியாக எழுதும் லொக் கோப்பை ஐந்தாவது இயந்திரத்தில், கடைசி வரிகளைக் காட்டும் ‘டெயில்’ கட்டளையால் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வரிகள் சொட்டுச் சொட்டாக வராமல் திடீரென்று கொத்தாக வரும், பிறகு நின்றுவிடும். எழுதுபவர் மூடவில்லை, வாசிப்பவர் மறுபடி திறக்கவில்லை. அதனால் திறக்கும்போது நடக்கும் விசாரணை இங்கே இல்லை. கடிகாரத் தவணை மட்டும்தான் வேலை செய்கிறது. அதே இயந்திரத்தில் இன்னொரு ஜன்னலில் அந்தக் கோப்பைப் புதிதாகத் திறந்தால் முதல் ஜன்னலிலும் புது வரிகள் வந்துவிடுவதைக் காணலாம். மாயம் ஒன்றும் இல்லை. கேஷ் ஓர் இயந்திரத்துக்கு ஒன்று, மென்பொருளுக்கு ஒன்றல்ல. யாரோ ஒருவர் திறந்து விசாரித்தால் அந்த இயந்திரத்தில் உள்ள எல்லோருக்கும் பலன். கோப்பின் மீது முறையாகப் பூட்டுப் போட்டாலும் இதே விசாரணை நடக்கும். பூட்டை எடுக்கும்போது தேங்கிய எழுத்துகள் சேர்வருக்குப் போகும். திறந்தபடியே பகிர்ந்து எழுத வேண்டிய மென்பொருளுக்கு அதுதான் நேர்வழி.

அச்சக முறைப்பாடு இதைவிட எளிமையானது, ஆனால் கண்டுபிடிக்கச் சிரமமானது. நகரில் ஓர் அச்சகத்தில் கண்ட சங்கதி: முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் ஒன்று தயாராகிறது. உள்ளே இருக்கும் பிள்ளை பாமினியில் அடித்த வேர்ட் கோப்பு. பக்கம் எத்தனை என்று பார்க்க முதலாளி காலையிலேயே அதை முன்மேசைக் கணினியில் திறந்து, அப்படியே விட்டுவிட்டார். மத்தியானம் வீட்டுக்காரர் வந்து விடுபட்ட பெயரைச் சொல்ல, பிள்ளை சேர்த்துச் சேமித்தாள். பின்னேரம் முதலாளி தன் திரையிலிருந்தே பிரின்ட் கொடுத்தார்.

“தங்கச்சி, மருமகன்ட பேர் இன்னும் விடுபட்டுத்தான் கிடக்கு.”

“இல்லையண்ணா, மத்தியானமே போட்டுட்டன். மூடிட்டுத் திறந்து பாருங்கோ.”

மூடித் திறந்ததும் பெயர் வந்துவிட்டது. இங்கே இயங்குதளத்தின் கேஷுக்குக்கூடச் சம்பந்தம் இல்லை. வேர்ட் காலையில் கோப்பை வாசித்துத் தன் சொந்த நினைவில் விரித்து வைத்திருக்கிறது. அதன் பிறகு சேர்வரில் என்ன நடந்தாலும் அந்த விரிப்பு மாறாது. எந்தக் கோப்பு முறைமை எவ்வளவு கவனமாக விசாரித்தாலும், மென்பொருள் வாசிக்கக் கேட்டால்தான் பதில் கொடுக்க முடியும். வயர் மாற்றியும், ஸ்விட்சை மாற்றியும், கடைசியில் சேர்வரையே மாற்றியும் தீராத பிரச்சினைகளில் இந்த வகைதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

பெயரும் கோப்பும் வேறு வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேர்ட் போன்றவை சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. புதிதாக ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடும். அடுத்த கணினியில் அந்தப் பெயர் பழைய கோப்பைச் சுட்டுவதாகவே ஞாபகத்தில் இருக்கலாம். விண்டோஸ் கிளையன்ட் போல்டர் பட்டியலையும் கோப்பு விவரங்களையும் வழமையாக 10 விநாடி வைத்திருக்கும். ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்ற பதிலைக்கூட 5 விநாடி ஞாபகம் வைத்திருக்கும். ஸ்கேன் செய்தவர் “போட்டாச்சு” என்று சொல்லும் முன்பே அவசரப்பட்டுத் தேடினால், கோப்பு வந்து சேர்ந்த பிறகும் சில விநாடி இல்லையென்றே காட்டும். அதற்காக ஸ்கேனரைத் தட்ட வேண்டாம்.

திறக்கும்போதெல்லாம் கேட்பது என்ற வழிக்கும் ஒரு விலை உண்டு. அதை முதலில் கண்டுகொண்டவர்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார். ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து 1980களில் அவர்கள் அமைத்த ஏ.எப்.எஸ். முறைமையின் முதல் வடிவம், ஒவ்வொரு முறை கோப்பைத் திறக்கும்போதும் சேர்வரிடம் “என் பிரதி செல்லுமா?” என்று கேட்டது. அளந்து பார்த்தபோது, சேர்வருக்கு வந்த கோரிக்கைகளில் மிகப் பெரும்பகுதி இந்த மாதிரி விசாரிப்புகளாகவே இருந்தன. பெரும்பாலான பதில், “ஒன்றும் மாறவில்லை.” ஒரு சேர்வர் சுமார் 20 கிளையன்ட்டுகளைத்தான் தாங்கியது. இரண்டாவது வடிவத்தில் வழக்கைத் திருப்பிப் போட்டார்கள். கோப்பு மாறினால் சேர்வரே சொல்லும், சொல்லும்வரை கேட்க வேண்டியதில்லை. மீன் வந்துவிட்டதா என்று வாடிக்கு மணிக்கொருதரம் கோல் எடுப்பதை விட்டு, “தோணி வந்தால் நானே எடுத்துச் சொல்லுறன்” என்று சம்மாட்டியார் ஒப்புக்கொள்வது போல. சேர்வர் தாங்கும் எண்ணிக்கை சுமார் 50 ஆயிற்று. பதிலுக்கு, யாருக்கெல்லாம் வாக்குக் கொடுத்தோம் என்று சேர்வர் இப்போது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். சேர்வர் விழுந்து எழும்பினால் அந்த ஞாபகம் போய்விடும். கிளையன்ட்டுகள் எல்லாம் தங்கள் பிரதிகளைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்க வேண்டும்.

இன்று நம் அலுவலகங்களில் ஓடும் எஸ்.எம்.பி. முறை இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. விண்டோஸ் ஷெயார், லினக்ஸில் சாம்பா, கடையில் வாங்கும் சேமிப்புப் பெட்டிகள் எல்லாம் அதுதான். சேர்வர் கொடுக்கும் வாக்குக்கு முதலில் ‘ஒப்லொக்’ என்று பெயர், 2009 இல் விண்டோஸ் 7 உடன் ‘லீஸ்’ வந்தது. கோப்பைத் திறக்கும் கோரிக்கையோடேயே கிளையன்ட் அனுமதியும் கேட்கும்: வாசித்ததை வைத்திருக்கவா, எழுதியதை என்னிடமே தேக்கி வைக்கவா, மூடிய பிறகும் திறந்ததாகவே பிடித்திருக்கவா. வேறு யாரும் திறக்காவிட்டால் சேர்வர் மூன்றையும் கொடுத்துவிடும். அப்போது கிளையன்ட் பிரதியைத் தன் சொந்த டிஸ்க் போல நம்பி வேலை செய்யலாம்.

இரண்டாவது ஆள் அதே கோப்பைத் திறக்க வரும்போதுதான் வேலை இருக்கிறது. சேர்வர் அவரை வாசலில் நிறுத்திவிட்டு, முதலாமவருக்கு அனுமதி முறிந்தது என்று அறிவிக்கும். முதலாமவர் தேக்கிய எழுத்தை அனுப்பி, “சரி” என்று பதில் சொன்ன பிறகே இரண்டாமவருக்குக் கோப்பு திறக்கும். முதலாமவரின் கணினி உறைந்துபோய்க் கிடந்தால் பதில் வராது. விண்டோஸ் சேர்வர் வழமையாக 35 விநாடி வரை காத்திருந்துவிட்டுத்தான் அனுமதியைப் பறிக்கும். ஒரு கோப்பு மட்டும் திறக்க அரை நிமிடம் இழுத்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் திறந்தால், அடுத்த அறையில் எந்தக் கணினி உறைந்து நிற்கிறது என்று பாருங்கள்.

என்.எப்.எஸ். நான்காம் பதிப்பும் பிடிவாதத்தைக் கைவிட்டு ‘டெலிகேஷன்’ என்ற பெயரில் இதையே சேர்த்துக்கொண்டது. கையில் டெலிகேஷன் இருக்கும்வரை கிளையன்ட் திறக்கும்போது சேர்வரைக் கேட்கத் தேவையில்லை. ஆரம்பத்தில் 4.0 பதிப்பில் திரும்பப் பெறும் செய்தியைச் சொல்ல சேர்வர் கிளையன்ட்டை நோக்கித் தனியாக ஓர் இணைப்பு எடுக்க வேண்டியிருந்தது. இடையில் பயர்வோல் இருந்தால் அது நடக்காது, டெலிகேஷனும் கிடைக்காது. 2010 இல் வந்த 4.1 பதிப்பு கிளையன்ட் எடுத்த இணைப்பிலேயே திரும்பப் பேச வழி செய்தது.

பழைய தரவு தெரிகிறது என்றவுடன் கேஷையே நிறுத்திவிடும் வைத்தியம் ஊரில் பிரபலம். என்.எப்.எஸ். என்றால் ‘நோஏசி’ தெரிவு, எஸ்.எம்.பி. என்றால் ஒப்லொக்கை அணைப்பது. நான் இதற்கு எதிர். அச்சகக் கதையில் அது ஒரு துளியும் உதவியிருக்காது; பெரிய படக்கோப்புகள் மட்டும் இழுபடத் தொடங்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய கணக்கு மென்பொருள்கள் சில, அக்சஸ் போன்ற தரவுத்தளக் கோப்பு ஒன்றை ஷெயாரில் போட்டு, நாலைந்து கணினிகள் நாள் முழுவதும் திறந்து வைத்து எழுதும். அங்கே லீஸ் கைமாறிக்கொண்டே இருக்கும், இடையில் ஒரு கணினி விழுந்தால் கோப்பு பழுதாகவும் கூடும். சாம்பாவில் அந்த வகைக் கோப்புகளுக்கு மட்டும் ஒப்லொக் கொடுக்காதே என்று பெயர் குறித்து எழுதலாம். எல்லாவற்றுக்கும் அணைப்பதைவிட அது நல்லது. அந்தத் தரவுத்தளத்தை ஒழுங்கான தரவுத்தள சேர்வருக்கு மாற்றுவது அதைவிட நல்லது, ஆனால் அதற்குக் காசு செலவாகும், அதனால் யாரும் மாற்றுவதில்லை.

எதிர்த்திசையில் ‘நோசிடிஓ’ என்ற தெரிவும் இருக்கிறது: திறக்கும்போது கேட்காதே. யாரும் எழுதாத, வாசிக்க மட்டும் வைத்த போல்டருக்கு அது பொருந்தும். சேர்வர் கொழும்பில் இருந்தால் அதன் அருமை புரியும். ஒரு மென்பொருள் தொடங்கும்போது 5,000 சிறு கோப்புகளைத் திறக்கிறது, ஒன்றுக்கு ஒரு கேள்வி என்று வைப்போம். கட்டடத்துக்குள் அரை மில்லிவிநாடி வீதம் 2.5 விநாடியில் முடியும். வீபிஎன் வழியே கொழும்புக்குப் போய்வர 20 மில்லிவிநாடி என்றால் அதே வேலைக்கு 100 விநாடி. இணைய வேகத்தைக் கூட்டினாலும் இது குறையாது. இழுப்பது கோப்பின் பாரம் அல்ல, கேள்விகளின் எண்ணிக்கை.

கடைசியாக, நம் நாட்டுக்கே உரிய சங்கதி: கரன்ட். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் தங்கள் மேசைக் கணினிக்கு யூ.பி.எஸ். வாங்கினார்கள், மூலையில் இருக்கும் சேர்வரை மறந்துவிட்டார்கள். கிளையன்ட் உயிரோடு இருக்க, சேர்வர் மட்டும் விழுந்தால் என்ன ஆகும்? என்.எப்.எஸ். மூன்றாம் பதிப்பிலிருந்து கிளையன்ட் எழுதியதை அனுப்பிவிட்டாலும், சேர்வர் அதை டிஸ்க்கில் உறுதிப்படுத்தும்வரை தன் பிரதியை விடாது. சேர்வர் எழும்பும்போது அதன் அடையாள எண் மாறியிருக்கும். அதைக் கண்ட கிளையன்ட் உறுதியாகாதவற்றை மறுபடி அனுப்பும். எழுதியது தப்பிவிடும். மாறாகக் கிளையன்ட் விழுந்தால், லீஸை நம்பித் தேக்கி வைத்த எழுத்து அதோடு போய்விடும். யூ.பி.எஸ். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் நான் இன்னும் மேசைக் கணினிக்குத்தான் கொடுப்பேன்.

நான்காம் பதிப்பு லினக்ஸ் சேர்வர் எழும்பியதும் இன்னொன்று செய்யும். யார் எதைத் திறந்திருந்தார், யாரிடம் என்ன அனுமதி இருந்தது என்று பழைய கிளையன்ட்டுகள் வந்து சொல்லி மீட்டுக்கொள்ள வழமையாக 90 விநாடி வரை ஒதுக்கும். அதுவரை புதிதாகத் திறக்க வருபவர்கள் நிற்க வேண்டும். கரன்ட் வந்தாயிற்று, சேர்வர் விளக்கு எரிகிறது, கோப்பு மட்டும் திறக்காமல் அடம்பிடிக்கிறது என்றால் அது இதுவாக இருக்கும். அந்த 90 விநாடிக்குள் பொறுமை இழந்து சேர்வரை அணைத்துப் போடுபவர்களுக்கு எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.